பூனை நீங்கிய பாட்டு

கிளாரினெட் வாசிப்பவர் மூன்றாம் அடியின் நடுவில் மூச்சு வாங்குகிறார். அங்கே வாங்கக் கூடாது. அந்த அடி ஒரே இழுப்பில் கீழிறங்க வேண்டும், படகு மணலில் ஏறி நிற்பதைப் போல. இதை நான் யாரிடம் சொல்வது. ஆட்டோவுக்குள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஓய்வுபெற்ற ஆங்கிலப் பேராசிரியை, முன்பின் தெரியாத ஒருவருடைய அடக்க ஊர்வலத்தில் போகும் பேண்டுக்காரரைத் திருத்தப் போவதில்லை. முன்னால் சிலுவை போகிறது, அதன் பின்னால் பேண்டு, பேண்டுக்குப் பின்னால் ரோஜா மாலைகள் சார்த்திய கறுப்பு வண்டி, வண்டிக்குப் பின்னால் தெருவை அடைத்தபடி மனிதர்கள், மனிதர்களுக்குப் பின்னால் ஒரு தண்ணீர் லாரி, லாரிக்குப் பின்னால் நாங்கள். "டீச்சர், இந்த முடுக்குல விட்டு மீன் மார்க்கெட் பக்கமா ஏறிட்டா ஸ்டேஷன் வந்துரும்" என்கிறான் ஆட்டோ ஓட்டும் சுடலைமணி, திரும்பிப் பார்க்காமலே. அடக்கத்தை முந்திக்கொண்டு போகக் கூடாது, மணி, என்கிறேன். "நாம எங்க முந்துதோம், ஒதுங்கில்லா போறோம்." ஒதுங்கிப் போனாலும் முந்துவதுதான், நில்லுங்கள். "செத்தவருக்கு ஒரு அவசரமும் இல்ல, உங்களுக்குல்லா ரயிலு" என்று அவன் முணுமுணுத்து எஞ்சினை அணைக்கிறான். ரயில் எனக்கில்லை. ரயில் என் தங்கை டெல்பினுக்கு. இன்று மாலை மைசூர் வண்டியில் ஏறுகிறாள். பெங்களூரில் இளைய மகள் வீட்டில் சில நாள், அங்கிருந்து மெல்போர்னில் மூத்தவளிடம், அதன் பிறகு திரும்பி வருவதாக இல்லை. "வேற ஒண்ணும் வேண்டாம் அக்கா, ஸ்டேஷனுக்கு வந்து நெத்தியில ஒரு சிலுவை போட்டு விடு" என்று நேற்றுத் தொலைபேசியில் கேட்டாள். வேறொன்றும் வேண்டாமாம். நான் அவளுக்காக வைத்திருப்பது வேறொன்றுதான். ஒரு வாக்கியம். அவளுடைய கல்யாணத்துக்கு முன்னால், அவளிடம் சேர்ப்பிக்கச் சொல்லி அம்மாவிடம் நான் கொடுத்தனுப்பிய வாக்கியம், போகும் வழியில் முற்றிலும் வேறொன்றாக மாறி அவளிடம் போய்ச் சேர்ந்தது. அசலை இன்று ரயிலடியில் அவள் கையில் கொடுத்துவிட வேண்டும் என்று காலையில் எழுந்தபோதே முடிவு செய்திருந்தேன். இஸ்திரி போட்ட சேலையை உடுத்தினேன். மாத்திரையை வேளைக்கு முன்பே விழுங்கினேன். இந்த ஊர்வலத்தை நான் எதிர்பார்த்திருக்கவில்லை. அதிலும் இந்த மெட்டை.

இது என்ன மெட்டு என்று இந்தத் தெருவில் யாருக்கும் தெரியாது. இது ரோமாபுரியிலிருந்து வந்த துக்கப் பாட்டு என்று நம்புகிறார்கள். அதோ, மருந்துக் கடை வாசலில் நிற்கும் பெண் சங்கிலியில் தொங்கும் சிலுவையை எடுத்து முத்தமிடுகிறாள். தூத்துக்குடியில் எங்கள் சனத்தில் யார் செத்தாலும் இந்த மெட்டோடுதான் கல்லறைத் தோட்டத்துக்குப் போகிறார்கள். எப்படி வந்தது என்று கேட்டால் கோவில் மணி அடிக்கும் கோவில் பிள்ளைகூட, ஆதியிலிருந்தே இருக்கு, என்பார். ஆதியில் இல்லை. நான் கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த காலத்தில்தான் வந்தது. மதர் கிளெமென்டீனா மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு இசைக்கூடத்தின் சன்னலைத் திறந்து வைத்துவிட்டு ஆர்மோனியத்தில் இதை வாசிப்பார். சொற்கள் இல்லாமல், இரண்டு தடவை, சில நாள் மூன்று தடவை. சொந்த ஊர் இத்தாலியின் தெற்கே எங்கோ மீன் பிடிக்கிற ஊர். ஊர்ப்பெயரைச் சொல்லும்போது மட்டும் அவருடைய மூக்கு சிவக்கும். ஓர் ஆண்டு மடத்தில் வயதான கன்னியாஸ்திரி ஒருவர் இறந்தார். அந்த வாரமும் மதர் வழக்கம்போல இதை வாசித்தார். சன்னலுக்கு வெளியே அடக்கத்துக்காகக் காத்திருந்த பேண்டு மாஸ்டர் கேட்டார், இறந்தவருக்காகத்தான் வாசிக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டார், கேட்டுக்கேட்டே கிளாரினெட்டில் பிடித்துக்கொண்டார். மதர் இத்தாலிக்காரி, பாட்டு இத்தாலியிலிருந்து, இத்தாலி என்றால் ரோம், ரோம் என்றால் பாப்பரசர். அதற்குப் பிறகு அது பரிசுத்தமான பாட்டு. பின்னால் ஒரு சுவாமியார் அதற்கு, ஆண்டவரே உம்மிடம் வருகிறேன் என்று தமிழில் சொற்களும் எழுதி விட்டார். உம்மிடம் வருகிறேன். மதர் இருந்திருந்தால் சிரித்திருப்பார். சிரிக்க மாட்டார், மூக்கு சிவந்திருக்கும். அது வருகிறவள் பாட்டு இல்லை. கரையில் நின்று ஒரு பெண், கடலுக்கு அப்பால் வேறொருத்தியிடம் போகிற தன் ஆண்பிள்ளையைப் பார்த்துப் பாடுவது. வலையை எடுத்துக்கொள், துடுப்பை எடுத்துக்கொள், என் அம்மா தந்த கம்பளியையும் எடுத்துக்கொள். திரும்பி வருகிறேன் என்று இங்கே காலை நனைக்காதே. உன் தட்டில் இப்போது பூனை சாப்பிடுகிறது. அவ்வளவுதான் பாட்டு. கடைசி அடி சுதியில் வந்து அமராமல், அதற்கு ஒரு படி மேலே, அந்தரத்தில் நின்றுவிடும். முடியாமல் நிற்கும். அவளுக்கு அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை என்பதால் அப்படி நிற்கிறது.

பூனையை முதலில் நீக்கியவர் லண்டன்காரர். கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, நான் இதைத் தேடித்தேடிச் சேர்த்தேன். பழைய இசைத்தாள்கள், தேய்ந்த இசைத்தட்டுகள், நூலகம் நூலகமாக எழுதிக் கேட்டு. குளிர்காலத்தைக் கழிக்க அந்தக் கடலோரத்துக்குப் போன ஒரு கனவான், வலை உலர்த்தும் பெண்களிடம் மெட்டைக் கேட்டுக் குறித்துக்கொண்டு போய் இங்கிலீஷில் சொல் எழுதினார். வரவேற்பறையில் பியானோ முன்னால் உட்கார்ந்து பாடும் சீமாட்டிகளுக்குப் பூனை உதவாது. தட்டும் உதவாது. தட்டு இருந்த இடத்தில் நிலவை வைத்தார். கம்பளி இருந்த இடத்தில் பெருமூச்சை வைத்தார். சோகமான மைனரில் அந்தரத்தில் நின்ற கடைசி அடியைச் சந்தோஷமான மேஜருக்கு மாற்றி, கதவைச் சாத்துவதுபோலச் சுதியில் கொண்டுவந்து அமர்த்தினார். பெண் இன்னும் கரையில்தான் நின்றாள். ஆனால் இப்போது, சென்று வா, நான் காத்திருப்பேன், என்றாள். அடுத்தது நியூயார்க். அங்கே பெண்ணையே எடுத்துவிட்டார்கள். போகிற ஆண்பிள்ளை பாடினான், எனக்காகக் காத்திரு என்று; படகின் ஆட்டத்தில் இருந்த தாளத்தை நான்காக வெட்டி, சோடி சோடியாகக் கட்டிப்பிடித்து ஆடுவதற்குத் தோதாக்கி, வயலின்களை ஊற்றி. லட்சக்கணக்கில் விற்றது. பத்துப் பதினைந்து ஆண்டு கழித்து மின்சாரக் கிதாரை மாட்டிக்கொண்ட இன்னொருவன் அதே மெட்டை இரு மடங்கு வேகத்தில், இன்றிரவே வா, என்று பாடினான். காத்திருக்கவும் அவனுக்குப் பொறுமை இல்லை. வராதே என்பது வா என்று ஆக மூன்று பேர் போதுமாக இருந்தார்கள். முடிவையும் தாளத்தையும் தவிர மூவரும் மெட்டில் கை வைக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மெட்டை மாற்றினால் பிடிபட்டுவிடுவார்கள். சொல்லை மாற்றினால் யாருக்குத் தெரியும். அசலைப் பாடியவள் லண்டனுக்கு வந்து கேட்கப் போகிறாளா. இதையெல்லாம் ஒரு கட்டுரையாக எழுதி மதுரையில் ஒரு கருத்தரங்கில் வாசித்தேன். தலைமை வகித்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அம்மையார் ஒரு பூனையைத் தேடி இருபது பக்கம் நடந்திருக்கிறார்கள்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் மரியாதைக்குச் சிரித்தேன். மேடையில் உட்கார்ந்திருந்த ஒருவருக்கும் அது யாருடைய பூனை என்று தெரியாது.

டெல்பின் பாடியது நியூயார்க் பாட்டு. ஆண்பிள்ளை பாட வேண்டியதை அவள் பாடினாள். எங்கள் ஊரில் அதையெல்லாம் யார் பார்த்தார்கள், இங்கிலீஷ் பாட்டு என்றால் இங்கிலீஷ் பாட்டு. துறைமுகத்தாரின் கிளப்பில் கிறிஸ்துமஸ் நடனம். கொல்லையில் கிணற்றடியில் வைத்து அவளுக்கு உச்சரிப்புச் சொல்லிக்கொடுத்தது நான், உதட்டை இப்படிக் குவி, நாக்கைப் பல்லுக்கு வெளியே விடு என்று. அவள் சிரித்துச் சிரித்து வாளிக்குள் எச்சில் தெறிக்கும். "ஒரு பாட்டுக்கு இம்புட்டு இலக்கணமா, அக்கா" என்பாள். எனக்கு அப்போது பெனடிக்ட் மிஸ்ஸியரோடு கல்யாணம் பேசி முடித்திருந்தது. கப்பல் ஏஜெண்டு ஆபீசில் வேலை, கிளப் பேண்டில் கிதார். நடனத்தன்று டெல்பின் பாடினாள், பெனடிக்ட் கிதார் வாசித்தார், நான் பியானோ வாசித்தேன். கிளப்பின் பியானோ சுவரைப் பார்த்துப் போட்டிருக்கும். வாசிப்பவருக்குக் கூடம் தெரியாது. அதனால் நான் எதையும் பார்க்கவில்லை. கேட்டேன். இரண்டாம் அடியின் முடிவில் டெல்பினுக்கு மூச்சு போதாது, கொல்லையிலும் அப்படித்தான், ஒரு நொடி பிந்துவாள். நான் தாளத்தை விடாமல் போவேன், அவள் ஓடிவந்து சேர்ந்துகொள்வாள். அன்றைக்கு நான் தாளத்தை விடாமல் போனேன், கிதார் என்னோடு வரவில்லை. கிதார் அவளுக்காக நின்றது. அவள் மூச்செடுத்து முடிக்கும்வரை ஒரே தந்தியைத் தடவியபடி நின்று, பிறகு அவளைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டது. ஒரு தடவை நின்றிருந்தால் தவறு. ஒவ்வொரு அடியிலும் நின்றது. நான் சுவரைப் பார்த்தபடி முடிவு வரைக்கும் வாசித்தேன். சனவரியில் எங்கள் ஓலை வாசித்தார்கள். திருமணத்துக்குத் தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று பங்குச் சுவாமியார் கோவிலில் மூன்று ஞாயிறு அறிவிக்க வேண்டுமே, அந்த ஓலை. முதல் ஞாயிறு யூலாலியா மிராந்தா என்று என் பெயரைப் படித்தார். இரண்டாம் ஞாயிறும் படித்தார். மூன்றாம் ஞாயிறு பீடத்தில் காகிதத்தைப் புரட்டிப் பார்த்தார், வேறு இரண்டு பெயர்களைப் படித்தார், பிரசங்கத்துக்குப் போய்விட்டார். முந்தின நாள் சாயங்காலம் பெனடிக்ட் சுவாமியாரைப் பார்த்துப் பேசியிருக்கிறார். தடை தெரிந்தவர் அவர்தான். என்னிடம் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. மூன்றாவது தடவையும் என் பெயர் வருமென்று முழங்காலில் நின்று நான் காத்திருந்தேன், பக்கத்தில் டெல்பின், கையில் ஜெபமாலை. பெரிய நோன்பு கழிந்து, ஈஸ்டருக்குப் பிறகு, அதே பீடத்தில் அதே குரலில், பெனடிக்ட் மிஸ்ஸியருக்கும் டெல்பின் மிராந்தாவுக்கும் என்று படித்தார்கள். மிராந்தா மாறவில்லை. மெட்டு அப்படியே இருந்தது.

தண்ணீர் லாரி ஒரு வண்டி நீளம் நகர்கிறது. லாரியின் அடியிலிருந்து தண்ணீர் சொட்டிச் சொட்டிப் புழுதியில் ஒரு கோடு. அந்த மூன்றாம் ஞாயிறு மத்தியானம் நான் வீட்டுக்குப் போகவில்லை, மடத்துக்குப் போனேன். மதர் கிளெமென்டீனா எனக்கு ஆறுதல் சொல்லவில்லை, தண்ணீர் கொடுத்தார், பிறகு ஆர்மோனியத்தின் முன் உட்கார்ந்து அதுவரைக்கும் ஒருநாளும் செய்யாததைச் செய்தார், வாய் திறந்து பாடினார். வலை, துடுப்பு, கம்பளி. ஒவ்வொரு அடியையும் நிறுத்தி எனக்கு அர்த்தம் சொன்னார். பூனை வந்தபோது அவருடைய குரல் கன்னியாஸ்திரியின் குரலாக இல்லை. யாரை நினைத்துப் பாடினார் என்று நான் கேட்கவில்லை, கேட்கக் கூடிய காரியமும் இல்லை. வீட்டுக்கு வந்தேன். அம்மா அடுக்களையில் மீன் செதில் உரசிக்கொண்டிருந்தாள். "மாமா வெளியில உக்காந்திருக்காரு, யூலா. நீ என்ன நெனக்கன்னு கேக்காரு. டெல்பி அழுதுகிட்டே கெடக்கா. ஒரு வார்த்த சொல்லிரு" என்றாள். மாமா அம்மாவின் அண்ணன், வீட்டுக் காரியமெல்லாம் அவர்தான் பேசி முடிப்பார். நான் சொன்னேன். அவங்க ரெண்டு பேரும் வாழுறதும் வாழாததும் எனக்குச் சேதி இல்ல. நான் இருக்கிற வீட்டு வாசல அவங்க மிதிக்கக் கூடாது. என் அடக்கத்துக்கும் வரக்கூடாது. இதில் ஒரு சொல்லும் கூடுதல் இல்லை. அம்மா கையைக் கழுவினாள், முந்தானையில் துடைத்தாள், வெளியே போனாள். அடுக்களைக்கும் முன்கூடத்துக்கும் நடுவே நான்கு எட்டு வைக்கும் தூரம் இருக்கும். அந்தத் தூரத்தில்தான் நடந்தது. "யூலா ஒண்ணும் சொல்லல. எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டும்னுட்டா" என்று அம்மா மாமாவிடம் சொல்வதை நான் மீன் வாடைக்குள் நின்று கேட்டேன். லண்டன்காரருக்காவது இத்தாலிய மொழி சரியாகத் தெரியாது என்று சாக்குச் சொல்லலாம். மாமா, "படிச்ச புள்ள படிச்ச புள்ளதான்" என்றார். டெல்பினின் அழுகை நின்றது. நான் வெளியே போய், அப்படிச் சொல்லவில்லை, என்று சொல்லியிருக்கலாம். அம்மாவைப் பொய்க்காரி என்று மாமா முன்னால் நிறுத்த வேண்டியிருந்திருக்கும். அப்படிச் செய்கிற வளர்ப்பு இல்லை எங்களுடையது.

அதற்குப் பிறகு நான் சொல்லாத வாக்கியத்துக்கு ஏற்ப வாழ்ந்தேன். அதுதான் கொடுமை, அசலை எழுதியவளே தழுவலைப் பாட வேண்டியிருந்தது, ஊர் முழுக்கத் தழுவல் பரவிவிட்ட பிறகு. யூலாலியா போல மனசு யாருக்கு வரும் என்றார்கள். ஞானஸ்நானங்களுக்குப் போனேன், இரண்டு பிள்ளைகளுக்கும் சங்கிலி போட்டேன். கிறிஸ்துமசுக்கு அவர்கள் குடும்பத்தோடு என் வீட்டு வாசலை மிதித்து உள்ளே வந்தார்கள், கேக் கொண்டுவந்தார்கள். பெனடிக்ட் என்னை மைனி என்று கூப்பிட்டார். ஒரு தடவை பந்தியில் உட்காரும்போது, "மைனி, நீங்க அன்னைக்குப் பெரிய மனசு பண்ணலன்னா நாங்க இல்ல" என்றார். நான், குழம்பு ஊற்றட்டுமா, என்றேன். அவருடைய தட்டில் குழம்பு ஊற்றினேன். அவருடைய தட்டு. நான் பூனை வளர்த்ததில்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் அவர் இறந்தபோதும் இதே மெட்டைத்தான் வாசித்தார்கள், இதே ரோட்டில், நான் டெல்பினின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தேன், கிளாரினெட் கடைசி அடியில் அந்தரத்தில் நின்றது. பேண்டு மாஸ்டர் மதரின் சன்னலில் கேட்டுப் பிடித்தவர் அல்லவா; லண்டன்காரர் சாத்திய கதவு அவருக்குத் தெரியாது, முடிவை அவர் முடியாமலே வைத்திருந்தார், அவரிடம் கற்றவர்களும் அப்படியே வைத்திருக்கிறார்கள். ஒரு சொல்லும் தெரியாத இவர்கள்தான், திரும்பி வராதே என்ற பாட்டைத் திரும்பி வராதவனிடம் கொண்டு சேர்த்திருக்கிறார்கள். பெட்டியின் பின்னால் நடந்துகொண்டே நான் அதை இத்தாலிய மொழியில் உள்ளுக்குள் பாடினேன், பூனையோடு. கொஞ்சம் ஆறியது போலிருந்தது. ஆறவில்லை. போனவர் கேட்கவில்லையே. கேட்க வேண்டியவர்களில் மிச்சம் இருப்பவள் ஒருத்தி, அவளும் இப்போது நடைமேடையில் பெட்டிகளுக்கு நடுவே நிற்கிறாள்.

"இந்தப் பாட்ட இப்ப எங்க தெருவுலயும் வாசிக்கச் சொல்லுதாங்க, டீச்சர்" என்கிறான் சுடலைமணி. "கேட்டாலே நெஞ்ச அடச்சிரும். மாதா பாட்டுதான இது?" இல்லை மணி, என்கிறேன். "பின்ன?" விட்டுட்டுப் போனவன ஒரு பொம்பள ஏசுற பாட்டு. அவன் இப்போது முழுதாகத் திரும்பி என்னைப் பார்க்கிறான். "அப்ப இம்புட்டுப் பேரும் கூடி, செத்தவர ஏசிக்கிட்டா போறாங்க?" அவனுடைய தோள்கள் குலுங்குகின்றன. "சரிதான். எனக்கும் இதையே வாசிங்கன்னு வீட்டுல சொல்லிவைக்கேன், அவளுக்கு ரொம்பத் தோதா இருக்கும்." இதை நான் இதுவரைக்கும் யாரிடமும் சொன்னதில்லை, இருபது பக்கம் வாசித்தபோதும் அறிஞர்களிடம் சொன்னேனே தவிர, மனிதர் ஒருவரிடம் சொன்னதில்லை. எனக்கு யார் வாசிக்கச் சொல்வார்கள் என்ற எண்ணம் வருகிறது. கல்லூரியிலிருந்து ஒரு மலர்வளையம் வரும். பங்கிலிருந்து நல்ல மரணச் சபையார் கொடியோடு வருவார்கள், வாசிப்பதும் இதைத்தான் வாசிப்பார்கள், கிளாரினெட்காரர் மூன்றாம் அடியின் நடுவில் மூச்சு வாங்குவார். பெட்டிக்குப் பின்னால் முதல் வரிசையில், உறவுக்காரர் நடக்கிற இடத்தில், யார். தண்ணீர் லாரியா. டெல்பின் நடந்திருப்பாள். தலையில் கறுப்பு முக்காடு போட்டு, முழங்கால் வலியோடு, எல்லோருக்கும் கேட்கும்படி அழுதுகொண்டு நடந்திருப்பாள். அவள் வரக் கூடாது என்று நான் சொன்ன இடம் அது. வாக்கியத்தை அவளிடம் கொடுத்துவிட்டால் அவள் நடக்க மாட்டாள். கொடுக்காவிட்டாலும் நடக்க மாட்டாள், மெல்போர்ன். முடுக்கு இடது கைப்பக்கம் திறந்துதான் கிடக்கிறது. ஒரு மீன் வண்டிக்காரர் எங்களைத் தாண்டி அதற்குள் புகுந்து மறைகிறார், அவருக்கு ஒரு பாவமும் தோன்றவில்லை. சுடலைமணி கண்ணாடியில் என்னைப் பார்க்கிறான், நான் கைப்பையின் பித்தளைப் பூட்டைப் பார்க்கிறேன். மரியாதைக்காக நிற்கிறேன் என்று அவன் நினைத்துக்கொண்டிருக்கிறான். போய்ச் சேர்ந்துவிட்டால் ஒன்று சொல்ல வேண்டும், அல்லது சிலுவை போட வேண்டும். கை தானாகப் போட்டுவிடும் என்பதுதான் பயம். இத்தனை காலமாகப் போட்டுப் பழகிய கை.

கைப்பைக்குள் தொலைபேசி அதிர்கிறது. "அக்கா, எங்க நிக்க?" டெல்பினின் குரலுக்குப் பின்னால் நிலைய அறிவிப்பு. மார்க்கெட் ரோட்டுல, ஒரு அடக்கம் போகுது. "யாரு?" தெரியல. "பேண்டு கேக்குது" என்கிறாள். "நம்ம பாட்டுல்லா. நீ பியானோ வாசிச்சு நான் பாடுனேன்லா கிளப்புல, கொல்லையில வச்சு நாக்க நீட்டு நாக்க நீட்டுன்னு உசுர எடுத்தியே." ஆமா. "நீ வர மாட்ட, என்னக்கா." அடக்கம் போய்க்கிட்டிருக்கு, டெல்பி. "மார்க்கெட் ரோட்டுல முடுக்கு வழி இருக்கு." நான் முடுக்கைப் பார்க்கிறேன். முடுக்கு வழி இருக்கிறது. "சரி, போன்லயே சொல்லிரு அப்ப." என்னத்த? "அன்னைக்கு அம்மாகிட்ட சொன்னத. அம்மா எங்ககிட்ட வந்து சொன்னது இல்ல. நீ சொன்னது." ஆட்டோவின் கம்பி வெயிலில் காய்ந்து உள்ளங்கையில் சுடுகிறது, நான் எப்போது அதைப் பிடித்தேன். உனக்கு எப்படித் தெரியும்? "எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டும்னு நீ சொல்லுவியாக்கும்" என்று அவள் சிரிக்கிறாள், அந்த வாளிக்குள் எச்சில் தெறிக்கும் சிரிப்பு, நடுவில் இருமல். "பரீட்சப் பேப்பர்ல அரை மார்க்கு விட்டுக்குடுப்பியா நீ? அம்மா வாயத் தொறக்கும்போதே தெரியும். அவருக்கும் தெரியும். நெசமா என்ன சொல்லிருப்பான்னு ராத்திரி படுத்துக்கிட்டுப் பேசுவோம், அவரு ஒண்ணு சொல்லுவாரு, நான் ஒண்ணு சொல்லுவேன். அம்மா சொன்னதே போதும்னு வச்சுக்கிட்டோம். பிள்ளைகள வளக்கணும்லா, அக்கா." பந்தியில் பெரிய மனசு என்றாரே. தெரிந்துகொண்டே சொல்லியிருக்கிறார், நான் குழம்பு ஊற்றட்டுமா என்று கேட்க, தெரிந்துகொண்டே தட்டை நீட்டியிருக்கிறார். வழியில் காணாமல் போயிற்று என்று நான் நினைத்த வாக்கியம் வழியில் தொலையவே இல்லை. அப்போதே போய்ச் சேர்ந்து, அவர்கள் வீட்டில் ஒரு மூலையில் கிடந்திருக்கிறது, இரவில் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்திருக்கிறார்கள். "சொல்லு. வண்டி எடுத்துருவான்."

சொன்னேன். அவங்க ரெண்டு பேரும் வாழுறதும் வாழாததும் எனக்குச் சேதி இல்ல. நான் இருக்கிற வீட்டு வாசல அவங்க மிதிக்கக் கூடாது. என் அடக்கத்துக்கும் வரக்கூடாது. வகுப்பில் ஒரு பத்தியை வாசித்துக் காட்டும்போது இருக்கும் குரல்தான். லாரி எஞ்சின் உறுமுகிறது. அந்தப் பக்கம் யாரோ தேநீர் விற்கிறார்கள். "அவ்வளவுதானா?" அவ்வளவுதான். "அவரு இதவிடப் பெருசா நெனச்சு வச்சிருந்தாரு, பாவம்." அவள் மூச்சு கேட்கிறது, அடியின் முடிவில் அவளுக்கு எப்போதும் போதாத மூச்சு. "மெல்போர்ன்லருந்து அடக்கத்துக்கெல்லாம் எங்க வர. நீ சொன்னது நடந்துட்டு, அக்கா." டெல்பி, என்கிறேன். "ஆனாலும் அம்மா சொன்னதுதான் கேக்க நல்லா இருந்துச்சு." இரும்பு உரசும் ஓசை, யாரோ அவளை உள்ளே கூப்பிடுகிறார்கள். "வண்டி நகருது. வைக்கேன்."

தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆகிறது. ஊர்வலம் கல்லறைத் தோட்டத்து வாசலுக்குள் திரும்பி முடிந்துவிட்டது; பேண்டுக்காரர்கள் வெளியே சுவரோரம் நின்று வாத்தியங்களைக் கவிழ்த்து எச்சிலை வடிக்கிறார்கள். ரோடு முழுக்க மிதிபட்ட ரோஜா இதழ். தண்ணீர் லாரி விலகுகிறது. "புடிச்சிரலாம் டீச்சர், கவலப்படாதீங்க, அந்த வண்டி என்னைக்கு நேரத்துக்கு எடுத்திருக்கான்" என்று சுடலைமணி எஞ்சினை உதைத்துக் கிளப்பி, லாரிக்கும் சுவருக்கும் இடையே கிடைத்த வழியில் விடுகிறான், ஒரு சைக்கிள்காரரை ஏசுகிறான், மேட்டில் தூக்கிப் போடுகிறது, ஸ்டேஷன் ரோட்டில் திரும்புகிறான், இன்னும் வேகத்தைக் கூட்டுகிறான். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருக்கிறேன். ரயில் போய்விட்டது என்று அவனிடம் சொல்லவில்லை.